கடைசிப் பக்கத்துத் தேதி

டோக்கியோவின் ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் யாசுகுனி சாலையின் தெற்கு ஓரத்தில், வடக்கு பார்த்த வாசலோடு இருக்கின்றன. வெயில் பட்டால் தாள் பழுத்துவிடும். வாசலுக்கு வெளியே வைத்திருக்கும் மலிவு அலமாரிகளில் கிடப்பவை புங்கோக்கள்: 148க்கு 105 மில்லிமீட்டர் அளவில், கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் ஜப்பானியப் பதிப்புகள். ஷின்ச்சோ நிறுவனத்தின் புங்கோவைக் கையால் தடவியே சொல்லிவிடலாம். மேல் விளிம்பை மட்டம் வெட்டாமல் சற்றே சொரசொரப்பாக விட்டிருப்பார்கள்; பக்கம் குறிக்க மெல்லிய நாடா ஒன்றும் உண்டு. ஹோஷி ஷினிச்சியைப் படிக்க இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. அவருடைய கதைகளில் பெரும்பாலானவை சில பக்கங்களில் முடிந்துவிடுபவை.

எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். எந்த ஆண்டு, எத்தனையாவது அச்சு என்பது அங்கே இருக்கும். ஜப்பானிய அங்கத அறிவியல் புனைவைப் பொறுத்தவரை அந்தத் தேதியையும் கதையோடு சேர்த்தே படிக்கிறேன்.

ஹோஷி (1926–1997) ஒரு மருந்து நிறுவன அதிபரின் மகன். தந்தைக்குப் பின் கடனில் மூழ்கிய நிறுவனம் கைக்கு வந்தது, கைவிட்டும் போனது. அதன் பிறகே எழுத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுங்கதைகளை எழுதினார். ஆட்களுக்குப் பெரும்பாலும் முகமோ ஊரோ கிடையாது; ‘திரு. என்’ என்று ஒருவர் வருவார், அவ்வளவுதான். காலம் மாறினாலும் கதை பழசாகக் கூடாது என்பதில் பிடிவாதமானவர். தொலைபேசியில் எண்களைச் சுழற்றுகிற பழக்கம் போனதும், மறு அச்சில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறுமே ‘தொலைபேசினார்’ என்று மாற்றியவர். ஆகவே ஒரே கதையின் பழைய அச்சையும் புதிய அச்சையும் அருகருகே வைத்தால் ஒரு கலைஞன் தன் மேசையில் குனிந்து வேலை செய்வது தெரியும். புத்தம்புதுப் பிரதியில் இந்த இன்பம் கிடைக்காது.

1971இல் புங்கோவாக வந்த ‘பொக்கோ-சான்’ தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அவரே தேர்ந்தெடுத்த ஐம்பது கதைகள். தலைப்புக் கதையில் ஒரு மதுக்கடைக்காரர் அழகிய ரோபோ பெண்ணைச் செய்து நிறுத்துகிறார். எதிரில் இருப்பவர் சொன்னதையே அவள் திருப்பிச் சொல்வாள், ஊற்றியதைக் குடிப்பாள். குடித்தது குழாய் வழியே இறங்கி மறுபடி விற்பனைக்கு வரும். ஓர் இளைஞன் அவள்மேல் காதல் கொள்கிறான். முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழாயைக் கதையின் நடுவிலேயே நம் கண்ணெதிரில், எதையும் மறைக்காமல் காட்டிவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

அதே தொகுப்பில் ஒரு குழியைப் பற்றிய கதை உண்டு. புயலில் ஒரு சிறு கோயில் அடித்துச் செல்லப்பட, அடியில் ஆழம் தெரியாத குழி. ஒருவன் குரல் கொடுக்கிறான், ஒரு கல்லைப் போடுகிறான். பிறகு நகரம் தன் அழுக்கையெல்லாம், அணுக் கழிவு உட்பட, அதில் கொட்டி நிம்மதியடைகிறது. எழுதியது 1958. ஜப்பானின் முதல் அணு உலை தோக்காய் கிராமத்தில் இயங்கத் தொடங்கியது 1957 ஆகஸ்டில். கதையில் எங்கும் ஒரு கண்டனச் சொல் இல்லை.

சுட்சுயி யசுதகா (பிறப்பு 1934) ஹோஷிக்கு நேரெதிர். காலத்தைத் துடைப்பதில்லை; அன்றைய செய்தித்தாளையே கதைக்குள் இழுத்துப் போடுவார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1967இல், அந்தப் போரையே சுற்றுலாக் காட்சியாக்கி விற்கும் எதிர்காலத்தை எழுதினார். வாக்கியங்கள் மூச்சிரைக்க ஓடும், கொடூரமும் கூத்தும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். இவரை எழுபதுகளின் பழுப்பேறிய பிரதியில் படிப்பதே என் விருப்பம். கோபம் எந்த நாளுக்கு உரியதோ அந்த நாளின் தாளும் எழுத்துருவும் கூடவே இருக்கின்றன.

இருவரும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. 1973இல் கொமாட்சு சாக்கியோவின் ‘ஜப்பான் மூழ்குகிறது’ நாவல் இரண்டு பாகங்களாக வந்து பல லட்சம் பிரதிகள் விற்றது. அப்படியானால் ஜப்பான் தவிர மற்றதெல்லாம் மூழ்கட்டும் என்ற யோசனையை நண்பர்கள் கூடிய இடத்தில் ஹோஷி சொல்ல, அதை எழுதியவர் சுட்சுயி. கொமாட்சுவின் சம்மதமும் இருந்தது. உலகத் தலைவர்களும் நடிகர்களும் அகதிகளாக வந்து இடம் கெஞ்ச, விருந்தளிக்கும் ஜப்பானியர்களின் அற்பத்தனம் ஒவ்வொன்றாக வெளிவருகிறது. அதில் வரும் பெயர்கள் பலவற்றை இன்றைய இளைஞர் அறியமாட்டார். நிதானமாகத் தேடிப் படிக்கலாம், உழைப்புக்குத் தகும்.

லட்சக்கணக்கில் அச்சானதால் கொமாட்சுவின் அந்த இரண்டு பாகங்களும் பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும். முதலில் அவற்றை வாங்குங்கள், முழுதாகப் படியுங்கள், பிறகே சுட்சுயியிடம் போங்கள். நாடிழந்த மக்களுக்காகக் கொமாட்சு பட்ட துயரம் எவ்வளவு உண்மையானது என்பது, அதைத் தலைகீழாக்கிய கதையைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது.