வேம்பாளம்பட்டை தந்த ஊதா

அப்பத்தா தலைக்கு எண்ணெய் காய்ச்சி இறக்கும்போது கடைசியில் ஒரு கைப்பிடி வேம்பாளம்பட்டையைப் போடுவாள். காகிதம் போல உதிரும் அந்தக் கருஞ்சிவப்புப் பட்டை எண்ணெய்க்குள் விழுந்த உடனே நூல் நூலாகச் சிவப்பு பிரியும். சற்று நேரத்தில் சட்டி நிறைய மாதுளைச் சாறு! சின்ன வயதிலிருந்து அந்த எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டவள் நான். அதே பட்டைக்குள் இன்னொரு நிறமும் இருக்கிறது என்பது வீட்டில் சோப்பு செய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊதா. கத்தரிப்பூவின் அதே ஊதா. சாயப்பொடி ஒரு சிட்டிகை கூட இல்லாமல்!

முதல் தடவை அதைச் செய்த சாயங்காலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு மாதம் பட்டையை ஊறப்போட்டு வடிகட்டிய கடலை எண்ணெய் 200 கிராம், தேங்காய் எண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50. இன்னொரு பக்கம் 165 கிராம் தண்ணீரில் 75 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஆற வைத்திருந்தேன். (சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும்; தண்ணீரை சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, எவர்சில்வர்தான்.) காரநீரை எண்ணெயில் ஊற்றியதும் அந்த மாதுளைச் சிவப்பு கண்ணெதிரே மறைந்தது. மழை மேகம் மாதிரி ஒரு சாம்பல் நீலம். ஐயோ, போச்சே என்று நினைத்தேன். பிளெண்டரை ஓட்டினேன். தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் அச்சில் ஊற்றி, கெட்டித் துண்டால் போர்த்தி வைத்தேன். உள்ளே சூடு தங்கினால் நிறம் நன்றாக ஏறும்.

மறுநாள் கத்தியை இறக்கினேன். ஊதா! வெட்ட வெட்ட ஊதா. ஒவ்வொரு கட்டியையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரம் மிகுந்திருக்கும் வரை நீலம் பக்கம் சாயும் நிறம், எண்ணெயும் காரமும் கலந்து சோப்பாக அடங்கும்போது ஊதாவுக்குத் திரும்புகிறது. இதில் நான் செய்தது காத்திருந்தது மட்டும்தான்.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆலம் கரைத்த எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. குங்குமம் பிறந்ததும் அப்படித்தானே. சோப்பில் மஞ்சள்தூளைப் போட்டால் அந்த ஆலத் தட்டு அப்படியே பாத்திரத்துக்குள் வந்துவிடும். காரநீர் பட்டதும் ரத்தச் சிவப்பு. நாள் போகப் போகச் சிவப்பு இறங்கிப் பப்பாளிப் பழ நிறம். சோப்பு காய்ந்து பக்குவப்படும் க்யூரிங் முடியும் ஆறாவது வாரத்தில் இளமஞ்சள். ஒரே கட்டி, மூன்று நிறம்! 500 கிராம் எண்ணெய்க்கு அரை டீஸ்பூன் போதும். ஆனால் வெயிலில் வைத்துவிடாதீர்கள். நான் ஜன்னலோரம் அடுக்கிய மஞ்சள் கட்டிகள் ஒரே மாதத்தில் வெளிறிவிட்டன.

எல்லாச் செடியும் காரத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. சங்குப்பூவின் நீலத்தை நம்பி ஒரு கூடைப் பூவைக் கொதிக்கவைத்துச் சேர்த்தேன். முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் காய்ந்த இலைப் பழுப்பு. பூவின் நீலத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் காரத்தில் நிற்காது. பீட்ரூட்டும் அப்படியே. அன்று மனசு நிஜமாகவே வலித்தது, அவ்வளவு பூவும் வீணாயிற்றே என்று.

அப்படி ஏமாந்து நின்றபோதுதான் அவுரி வந்து சேர்ந்தது. தலைக்குப் பூசும் அவுரி இலைப்பொடி அல்ல. அது சாம்பல் பச்சைதான் தரும். இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் காற்றுப் படும்படி அடித்து அடித்து, அடியில் படியும் நீலத்தைக் காயவைத்து எடுக்கும் கட்டி. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. அந்த நீலம் தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது, காரத்துக்கும் அசையாது. நுணுக்கி, கொஞ்சம் எண்ணெயில் குழைத்துக் கால் டீஸ்பூன் சேர்த்தேன். என்ன நீலம் அது! கூடுதலாகப் போட்டால் நுரையும் நீலமாகிவிடும், அதனால் கை அடக்கம் வேண்டும். அதிலேயே துளி மஞ்சளைக் கூட்டினால் நாற்றுப் பச்சை. வேப்பிலைப் பொடியின் பச்சை சில வாரங்களில் பழுப்பேறிவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும், கட்டாயம் பார்க்க வேண்டும்!

இப்போது நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தாலே எனக்குக் கை பரபரக்கும். போன வாரம் கடைக்கார அண்ணாச்சி, “என்ன தாயி, தைல எண்ணெய்க்கா இவ்வளவு மஞ்சிட்டி?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி, சோப்புக்கு. ரோஸ் கலர் வரும்.”

“இதுலயா?” என்று வேரை உடைத்து உள்ளே பார்த்தார். அடுத்த தடவை வரும்போது ஒரு கட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று இரவு அந்த மஞ்சிட்டிச் சோப்பை அச்சில் ஊற்றினேன். துண்டுக்குள் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. விடிந்ததிலிருந்து மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி ஒரு சிவப்பு தெரிகிறது. சாயங்காலம் வெட்டிப் பார்க்க வேண்டும்.