நாணயத்தாள்களும் ஓவிய நயமும்

நாடோறும் கைமாறும் ஓவியம் நாணயத்தாள். எனினும், அதனை எண்ணுவோர் பலர். நோக்குவோர் மிகச் சிலர். இலங்கையின் நாணயத்தாள்களோ நோக்குதற்கு உரியன.

1979ஆம் ஆண்டு மத்திய வங்கி வெளியிட்ட வரிசையை வரைந்தவர் ஓவியர் லக்கி சேனாநாயக்க. மன்னரும் தலைவரும் வீற்றிருந்த இடத்தில் மீனையும் பறவையையும் வண்ணத்துப்பூச்சியையும் அவர் அமர்த்தினார். தாளின் முன்புறத்தைக் கிடையாகவும் பின்புறத்தை நெடிதாகவும் அமைத்தமை துணிவான செயலேயாம். செடியொன்று நிலத்தினின்றும் மேலெழுதற்கு அதனால் இடங்கிடைத்தது. (காசாளருக்கு இது சிறிது தொல்லை தந்திருக்கவுங் கூடும்!) அங்கு உயிரினமே பொருள், எஞ்சியன யாவும் அதற்குச் சட்டகம்.

2011இல் புழக்கத்துக்கு வந்த வரிசையிலும் பறவைகள் உள. இலங்கைக்கே உரிய பறவைகளைத் தேர்ந்தமை பாராட்டத்தக்கது. ஆயின், அவை தம் வீட்டிலேயே விருந்தினராயின. ஆயிரம் ரூபாத் தாளில் இறம்பொடைச் சுரங்கப்பாதைக்கு அருகே சிறுகிளியொன்று ஒதுங்கி நிற்கின்றது. ஓர் ஆட்சிக்காலத்தின் கட்டுமானம் விரைவிற் பழைமையெய்தும். கிளிக்கு அக்குறை இல்லை.

பின்புறம் இதனினும் சிறந்தது. அந்நெடிய வடிவம் நின்றாடும் உருவத்துக்கு இயல்பாகவே பொருந்துகின்றது. நூறு ரூபாத் தாளிற் பரதநாட்டிய நங்கையும் மிருதங்கக் கலைஞரும் இடம்பெற்றுள்ளனர். அதே தாளைத் திருப்பினால் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் தோன்றுகின்றது. இருபுறத்தையும் ஒன்றாக்கும் கற்பனை மட்டும் அத்தாளிற் காணப்படவில்லை.