பிகிலுக்கு முன்னால் ஆடியவர்கள்

இந்தியப் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற எழுத்தெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கிறது. முதல் பத்தியில் ஓலைக் குடிசை. இரண்டாவது பத்தியில் கூலி வேலைக்குப் போகிற அப்பா, இல்லையென்றால் அப்பா இல்லாத வீடு. மூன்றாவது பத்தியில் நல்ல மனுஷர் ஒருவர் வந்து ஷூ வாங்கிக் கொடுக்கிறார். கடைசிப் பத்தியில் நீலச் சட்டை. படிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் அந்தப் பெண் முன்வரிசையில் ஆடுகிறாளா தடுப்பில் நிற்கிறாளா, வலதுகாலா இடதுகாலா, எத்தனை கோல் போட்டாள் என்று ஒரு வரி இருக்காது. ஆண்கள் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிற அதே ஆள்தான் இதையும் எழுதுகிறார். அங்கே ஆட்டத்தை எழுதத் தெரிந்தவருக்கு இங்கே வீட்டுக் கூரை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

இந்த இரக்கத்தை எழுதுவதன் மூலம் எதை எழுதாமல் தப்பிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்த அணிக்கு வரலாறு இருக்கிறது. தேதி இருக்கிறது. 1975ல் இந்தியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் என்று தனியாக ஒன்று தொடங்கப்பட்டது. லக்னோவில் மாநிலங்களுக்கிடையிலான போட்டி நடந்தது. சுசீல் பட்டாச்சார்யா முதல் பயிற்சியாளர். 1980 ஜனவரியில் நம் பக்கத்து ஊர் என்று சொல்லும்படியான கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் போட்டி நடந்தது. போட்டியை நடத்திய நாடு என்பதால் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது, தெற்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று. தெற்கு அணி இறுதி ஆட்டம் வரைக்கும் போய் சீனத் தைபேயிடம் இரண்டு கோலில் தோற்றது. 1981ல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983ல் பாங்காக்கில் மறுபடி இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் தோல்வி. அந்த 1983லேயே சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. கால்பந்துக்காக அதை வாங்கிய முதல் பெண் அவர். அடுத்த பெண்ணாக மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி அதை வாங்கியது 2017ல். நடுவில் 34 வருஷம்.

இதெல்லாம் நடந்தபோது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் என்கிற ஆண்களின் வீட்டுக்குள் பெண்களுக்கு இடமில்லை. அவர்கள் வெளியே, தனிச் சங்கம் வைத்துக்கொண்டு ஆடினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் பெரிய வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் பேனாவை மூடி திறக்கிற இடம் இது. இதற்கு முன்னால் நடந்ததெல்லாம் 'அங்கீகாரம் இல்லாத காலம்', இதற்குப் பின்னால்தான் 'முறையான வரலாறு'. கோயிலுக்குள் விட்ட தேதியிலிருந்துதான் எங்களுக்குச் சாமியே உண்டாச்சு என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது இது. வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்ட காலத்தில் எங்ககிட்ட சாமி இல்லையா? கோழிக்கோட்டில் இறுதி ஆட்டத்தில் ஓடிய கால்கள் யாருடைய கால்கள்?

சரி, சேர்த்துக்கொண்ட பிறகு என்ன நடந்தது? 1991ல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. அதில் இந்தியா இல்லை. 2009ல் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயரை எடுத்துவிட்டார்கள். தோற்றதால் இல்லை, ஒன்றரை வருஷத்துக்கு மேலாக ஓர் ஆட்டம்கூட ஆடாததால். ஆடாமல் இருந்தது அந்தப் பெண்களா, ஆட விடாமல் வைத்திருந்தது யார்? ஆட விட்டபோது என்ன செய்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. 2010ல் டாக்காவில் தெற்காசிய விளையாட்டில் தங்கம். 2010லிருந்து 2019 வரை தெற்காசியக் கோப்பை ஐந்து தடவை நடந்தது, ஐந்தையும் வென்றார்கள். 2022ல் வங்கதேசம் அதைப் பறித்தது. நன்றாக ஆடித்தான் பறித்தது.

உலகத்தில் இது புதுசில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊரில் வெடிகுண்டு செய்கிற ஆலை ஒன்று இருந்தது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் வேலைக்கு வந்த பெண்கள் ஓய்வு நேரத்தில் பந்து உதைத்தார்கள். ஆலையின் பெயரிலேயே டிக், கெர் பெண்கள் அணி. 1920 டிசம்பர் 26ந் தேதி லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன்னுடைய மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமில்லையாம். வெடிமருந்து அடைக்கிற வேலை பொருத்தமாக இருந்தது, பந்து பொருத்தமில்லை. தடை ஐம்பது வருஷம் நின்றது.

வெடிமருந்து அடைக்கிற பெண்கள் என்று படித்ததும் எனக்குச் சாத்தூர்தான் ஞாபகம் வந்தது. வேறெது வரும்? இங்கே தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் என்ற சொல்லில் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, கூலியில் இல்லை. எண்பதுகளில் விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். நானும் ஏறியிருக்கிறேன். கட்டையில் குச்சி அடுக்குகிற வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதுவரைக்கும் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெரிய மைதானம் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு அதில் பந்து உண்டு. எங்க தெருப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அதே மைதானத்தைக் கூட்டுகிற வேலை உண்டு. வேற தெருப் பிள்ளைகள் கையில் ஒருநாளும் விளக்குமாறு பார்த்ததில்லை. ஒருநாள் பந்து எங்க பக்கம் உருண்டு வந்தபோது கூடப் படித்தவள் ஒருத்தி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓங்கி ஒரு உதை விட்டாள். பந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டது. "ஏ புள்ள, கூட்ட வந்தியா, ஆட வந்தியா?" என்று வாத்தியார் கேட்டார். நல்ல காலு அவளுக்கு.

அந்தக் கேள்வியைத்தான் 'ஏழைப் பெண்' கட்டுரைகள் கேட்கவிடாமல் செய்கின்றன. ஏழ்மை என்றால் அது யாருக்கும் வரலாம், போகலாம், காலக்கொடுமை. யாரும் பொறுப்பில்லை. மைதானத்தைக் கூட்டுகிறவர் யார், ஆடுகிறவர் யார் என்று பிரித்துவைத்தது காலக்கொடுமை இல்லை. அதற்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாம் எழுதுகிறார்கள். அதற்காக இந்த அணியில் யார் யார் என்ன சாதி என்று நான் பட்டியல் போடப்போவதில்லை. அது அவரவர் சொல்ல வேண்டியது. எழுதுகிறவர் எதைப் பார்க்க மறுக்கிறார் என்பது மட்டும்தான் இங்கே விமர்சனம்.

2022 அக்டோபரில் இந்தியாவிலேயே பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை நடந்தது. அணித் தலைவி அஸ்தம் ஓராவ், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண். அவர் பெயரில் அவர் கிராமத்துக்கு ரோடு போட்டார்கள். அந்த ரோட்டு வேலையில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் அவரைப் பெற்றவர்கள், நாளுக்கு 250 ரூபாய் என்று செய்தி வந்தது. எல்லாப் பத்திரிகைகளும் இதை நெகிழ்ச்சியாக எழுதின. எனக்கு நெகிழவில்லை. மகள் பெயரைக் கல்லில் வெட்டுகிற அரசுக்கு, தாய் தகப்பன் தலையில் மண்கூடையை ஏற்றுகிறோம் என்பது உறைக்கவில்லையே என்றுதான் பட்டது. அந்தப் போட்டியில் அமெரிக்காவிடம் எட்டு, மொராக்கோவிடம் மூன்று, பிரேசிலிடம் ஐந்து என்று கோல் வாங்கினார்கள். போட்டி முடிந்த மறுவாரம் அவர்களைப் பற்றி எழுத ஆளில்லை.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். கடலூர்ப் பக்கம் 2004 சுனாமிக்குப் பிறகு அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அவர் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த மனிதர் ஒருவரை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்துகிறபோது மூன்று வேளைச் சோறு போட்ட விடுதி இருட்டுக்குள் போய்விடுகிறது. விடுதி தர்மமில்லை, நம் வரிப்பணம். நம்மவர்கள் போராடி வாங்கியது. அதே கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் ரோட்டில் நின்று டூட்டி பார்த்தார். பெம்பெம் தேவியும் மணிப்பூர் போலீஸ்தான். தனியார் கழகங்கள் ஆடவைக்கும், சம்பளம் தர யோசிக்கும். பெண்கள் லீக்கில் ஒரு குழுவில் குறைந்தது பத்துப் பேருக்காவது வருஷம் 3.20 லட்சம் தரவேண்டும் என்று சம்மேளனம் சொன்னதே 2023ல்தான். எனவே இந்த அணியின் வரலாற்றை எழுதுகிறவர் விடுதியையும் போலீஸ் வேலையையும் ரயில்வே வேலையையும் முதலில் எழுத வேண்டும். குடிசையும் ஷூவும் அப்புறம்.

'பிகில்' படத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2019 தீபாவளிக்கு வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, கோச்சாக விஜய், கடைசியில் தேசியக் கோப்பை. எங்க ஊர்ப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள், விசிலடித்தார்கள். நானும் பார்த்தேன். ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்ணை மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிற காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் படம் வருவதற்கு இருபது மாசம் முன்னால், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் நிஜமாகவே தேசியக் கோப்பையை வென்றிருந்தார்கள். இருபது தடவைபோல அதை வென்ற மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று அடித்து. 2019 மே மாதம் சேது எப்.சி. லூதியானாவில் பெண்கள் லீக்கை வென்றது. அந்த அணியின் கோச் அம்ருதா அரவிந்த், ஒரு பெண். இத்தனையும் கண்முன்னே நடந்திருக்க, சினிமாவுக்குத் தேவைப்பட்டது தோற்றுக்கொண்டே இருக்கிற ஓர் அணியும் அதைத் தூக்கிவிட ஓர் ஆணும். ஜெயித்த அணிக்கு மீட்பர் தேவையில்லையே. அதனால் ஜெயித்ததையே அழித்துவிட்டுக் கதை தொடங்குகிறது.

இறுதி ஆட்டத்தில் பாண்டியம்மாவுக்கு ஆவேசம் வரவேண்டும் என்பதற்காக கோச் அவளை 'குண்டம்மா' என்று கூப்பிடுகிறார். திரும்பத் திரும்ப. தியேட்டர் சிரிக்கிறது. அவமானப்படுத்தினால்தான் நம் பெண்ணுக்கு வேகம் வரும் என்கிற இந்த வாத்தியார் புத்தி எங்களுக்குப் பழக்கமானது. பட்டாசு ஆபீசில் காலைமுதல் சாயங்காலம்வரை தரையில் குந்தியே வேலை பார்த்து இடுப்பும் முழங்காலும் ஊதிப்போன பெண்கள் அன்றைக்கு அந்தத் தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கட்-அவுட்டுக்கு முன்னால் அவர்கள் பின்னிய சரம் வெடித்துக்கொண்டிருந்தது. படத்தின் பெயரே விசில். அதை ஊதுகிற வாய் கடைசிவரை ஓர் ஆணுடையதுதான்.

2025 ஜூலை 5ந் தேதி சியாங் மாயில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்து, தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் முதன்முறையாகப் போனார்கள். 1983ல் தோற்ற அதே தாய்லாந்து. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டது. மறுநாள் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். இரண்டு கோல் எப்படி விழுந்தது என்று சில பேர் எழுதியிருந்தார்கள், மறுக்கக்கூடாது. மிச்சப் பேருக்கு வழக்கம்போல வீடும் அம்மாவும்.

சேது அணிக்குப் பின்னால் இருக்கிற பொறியியல் கல்லூரி எங்க விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டியில்தான் இருக்கிறது. சாத்தூரிலிருந்து விருதுநகர் போய் பஸ் மாறினால் போய்விடலாம். பட்டாசு ஆபீஸ் வேன் தெருவுக்கே வருகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் எந்த வண்டியில் ஏறுகிறார்கள் என்று காலையில் ஆறு மணிக்குத் தெருமுக்கில் நின்றால் யாரும் எண்ணிவிடலாம்.

இதழ் நடத்துகிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆடிய பெண்கள், ஆட்டம் நின்றுபோன பெண்கள் தங்கள் வாயால் சொல்கிறதற்கு அடுத்தடுத்த இதழ்களில் பக்கம் ஒதுக்குங்கள். கேட்கப் போகிறவர்கள் ஷூ வாங்கிக் கொடுத்தவர் யார் என்று தொடங்க வேண்டாம். எந்த இடத்தில் ஆடினீர்கள், எந்தக் கால், விடுதியில் என்ன சாப்பாடு, வேலை எந்த வருஷம் கிடைத்தது, கிடைக்கவில்லையென்றால் ஆட்டம் எந்த வருஷம் நின்றது, அதற்கப்புறம் என்ன கூலி என்று கேளுங்கள். சொல்கிற அக்காமார் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே அச்சில் போடுங்கள்.