பாட்டு யாருடையது என்பதைப் படம் தீர்மானிக்கும்போது

பாட்டில் மழை வந்தால் திரையில் மழை, நிலா வந்தால் நிலா. மியூசிக் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த எடுபிடி வேலையைத்தான் செய்கின்றன. ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வெளியிட்ட ‘டான்சிங் இன் த டிஸ்ட்ராக்‌ஷன் ஃபேக்டரி’ நூலில், படத்துக்கும் பாட்டு வரிக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: வரி சொல்வதையே காட்டுவது, சொன்னதற்கு மேல் ஒன்றைச் சேர்ப்பது, வரியை விட்டு விலகுவது அல்லது அதோடு முரண்படுவது. முப்பது ஆண்டுகள் கழித்தும் ஆய்வு மாணவர்கள் இந்தப் பாகுபாட்டில்தான் தொடங்குகிறார்கள்.

அவருக்கு முன்னால் ஈ. ஆன் கப்லான் 1987இல் எம்டிவி பற்றி எழுதிய நூல் பின்நவீனத்துவம், உளப்பகுப்பாய்வு என்று நிறையப் பேசியது. பாட்டின் ஒலி அதில் காணாமல் போயிற்று. குட்வின் அந்நூலில் கண்ட முக்கியமான குறையும் அதுதான். 2004இல் வந்த கரோல் வெர்னாலிஸ் இன்னொரு படி போனார். வீடியோவில் கதை அரைகுறையாக இருப்பது கோளாறு அல்ல, அதன் இயல்பே அதுதான் என்றார் அவர். பல்லவி திரும்பும்போது படமும் திரும்ப வேண்டியிருக்கிறது, தாளம் மாறினால் வெட்டும் மாறுகிறது. இசைக்கு அடங்கி நடப்பதால் கதைக்கு முழு உரிமை கிடைப்பதில்லை.

எனக்கு இவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைப் போதிய அளவு கேட்கவில்லை என்று தோன்றுகிறது. பாட்டின் பொருளைப் படம் எப்படி விளக்குகிறது என்பதைவிட, யார் யாரிடம் பாடுகிறார்கள் என்பதைப் படம் எப்படி மாற்றிவிடுகிறது என்பதே பெரிய விஷயம்.

ஜானி கேஷின் ‘ஹர்ட்’டை எடுத்துக்கொள்வோம். பாட்டு அவருடையதல்ல. நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளியிட்டது. தன்னையே அழித்துக்கொள்ளும் ஓர் இளைஞனின் குரல். இயக்குநர் மார்க் ரோமனெக் டென்னசியில் கேஷின் வீட்டிலும், பாழடைந்து மூடிக்கிடந்த அவருடைய அருங்காட்சியகத்திலும் படமெடுத்தார். வரியில் ஒரு சொல்லைத் தவிரப் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆனால் எழுபது வயது கிழவர் விருந்து பரப்பிய மேசையின்முன் உட்கார்ந்து, நடுங்கும் கையால் கோப்பை மதுவைப் பண்டங்களின்மேல் கவிழ்க்கிறார். நடுநடுவே ரயிலில் போகும் இளம் கேஷின் பழைய படச்சுருள்கள் வந்து போகின்றன. படிக்கட்டில் நின்றபடி மனைவி ஜூன் அவரைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு; கவலையா, பெருமையா, விடைபெறுதலா என்று பிரிக்க முடியாது. கடைசியில் பியானோவின் மூடியைச் சாத்தி, அதைக் கையால் தடவுகிறார். இளைஞனின் தற்சிதைவு, முதியவரின் கணக்கு முடிப்பாகிவிட்டது. 2003 மே மாதம் ஜூனும் செப்டம்பரில் கேஷும் இறந்தார்கள். வீடியோவைப் பார்த்தபின் அந்தப் பாட்டு இனி தன்னுடையதல்ல என்று ரெஸ்னரே சொன்னார். குட்வினின் மூன்று பெட்டிகளில் இதை எதில் போடுவது?

இதே வித்தையை எதிர்த்திசையில், எல்லாவற்றையும் கழித்துக் காட்டியது ஷினேட் ஓகானர் 1990இல் பாடிய ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’. இதுவும் இரவல் பாட்டுதான், பிரின்ஸ் எழுதியது. இயக்குநர் ஜான் மேபரி பாரிஸ் பூங்காவில் அவரை நடக்கவிட்டுப் படமெடுத்திருந்தார். ஆனால் படத்தைத் தாங்குவது கறுப்புப் பின்னணியில் மழித்த தலையோடு ஒரு முகம் மட்டுமே. இறுதியில் கன்னத்தில் வழியும் கண்ணீர் திட்டமிட்டதல்ல. இறந்துபோன அம்மாவை நினைத்தேன் என்று பாடகி பின்னர் சொன்னார். காதலனை நோக்கிய பாட்டு அந்த இடத்தில் வேறொருவரை நோக்கித் திரும்பிவிடுகிறது. நமக்கு அந்தத் தகவல் தெரியாவிட்டாலும் திரும்பியது தெரிகிறது.

குறியீடுகளைக் குவிக்கும் பள்ளி வேறு. ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் 1991இல் ஆர்.இ.எம். குழுவின் ‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டுக்குக் கரவாஜியோ ஓவியத்தின் இருளொளி, மார்க்கேஸ் கதையின் சிறகு முளைத்த கிழவர், அம்பு தைத்த புனிதர், இந்து தெய்வத் தோற்றம் எல்லாவற்றையும் கொட்டினார். பாட்டோ கைகூடாத காதலைப் பற்றியது. படம் அழகுதான், ஆனாலும் அது பாட்டைச் சற்றே நெரிக்கிறது என்பது என் கட்சி.

‘திஸ் இஸ் அமெரிக்கா’ வந்த 2018இலும் இணையம் குறியீட்டு வேட்டையில் இறங்கியது. கால்சட்டை எதைக் குறிக்கிறது, நிற்கும் தோரணை எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு பட்டியல். இயக்குநர் ஹிரோ முராய் செய்திருக்கும் முதன்மையான காரியம் அதைவிட எளியது. மெல்லிய கிதார் ஒலிக்க, துப்பாக்கி வெடிக்கும் அதே நொடியில் இசை முரட்டுத் தாளத்துக்குத் தாவுகிறது. சுட்ட துப்பாக்கியை ஒருவன் சிவப்புத் துணியில் பக்குவமாக வாங்கிக்கொள்கிறான். பிணத்தைத் தரதரவென்று இழுத்துப் போகிறார்கள். பிறகு முன்னால் சிறுவர்களோடு பாடகர் சைல்டிஷ் கேம்பினோ ஆட, பின்னால் கலவரம் மங்கலாக ஓடுகிறது. நம் கண் ஆட்டத்தைவிட்டு நகர மறுக்கிறது. வீடியோவின் குற்றச்சாட்டு முழுவதும் அந்தக் கண்மீதுதான்.

தமிழில் இந்தத் துறையைப் பேசும்போது ஒரு சிக்கல். நம் பாட்டுகள் பெரும்பாலும் சினிமாவில் பிறந்தவை. ‘சிச்சுவேஷன்’ முதலில், மெட்டும் வரியும் பிறகு. யார் யாரிடம் பாடுகிறார்கள் என்பது திரைக்கதையிலேயே முடிவாகிவிடும். படத்திலிருந்து பாட்டை மட்டும் பிரித்துக் காட்டிய தூர்தர்ஷன் நிகழ்ச்சி ‘ஒளியும் ஒலியும்’ மட்டும் அந்த முடிச்சைத் தற்செயலாக அவிழ்த்தது. படம் பார்க்காத பிள்ளைகள் பாட்டுக்குத் தாங்களே கதை கட்டிக்கொண்டார்கள்.

சினிமாவுக்கு வெளியே உருப்படியாக நடந்த ஒன்று, 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. வரிகள் கபேர் வாசுகி, இயக்கம் ரதீந்திரன் ஆர். பிரசாத். சபா மேடையில் பதிவு செய்திருந்தால், பேச்சுத் தமிழைக் கர்நாடக ராகங்களில் வைத்த சோதனை முயற்சி என்று விமர்சகர்கள் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பக்கவாத்தியத்தோடு அவரை எண்ணூர் கழிமுகத்தில், அனல்மின் நிலையத்தின் அருகே உட்காரவைத்ததும் கச்சேரி வாக்குமூலமாகிவிட்டது.

2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அமித் கிருஷ்ணனின் இயக்கத்தில் நிறமும் உடையும் கண்ணைப் பறிக்கின்றன; ஆனால் எந்தக் காலம், எந்த மண் என்று பிடிபடாத பொதுவான ‘தொன்மை’ ஒன்று அதில் படிந்திருக்கிறது. அதைத் தரைக்கு இறக்குவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த, பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் முகம்தான். அவர் திரையில் வந்ததும் பாட்டுக்கு முகவரி கிடைக்கிறது.

இப்போது சினிமாப் பாட்டு முதலில் ‘லிரிக் வீடியோ’வாகத்தான் வெளிவருகிறது. படத்தை வெளிக்காட்டக் கூடாது என்பதால் எழுத்து ஓடுகிறது, இடையிடையே நாயகனின் ஸ்டில். எழுத்தைத் திரையில் காட்டுவது புதிதல்ல. 1965இலேயே லண்டன் ஹோட்டல் ஒன்றின் பின்சந்தில் பாப் டிலன் ‘சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்’ பாட்டின் சொற்களை அட்டைகளில் எழுதிக் காட்டி ஒவ்வொன்றாகக் கீழே போட்டதை இயக்குநர் பென்னிபேக்கர் படமெடுத்தார். அட்டைகளில் வேண்டுமென்றே எழுத்துப்பிழைகள், பாட்டில் இல்லாத சொற்கள். பாடகரோ வாயைத் திறப்பதில்லை. எழுத்தே அங்கே குறும்பு செய்தது. நம் லிரிக் வீடியோக்களில் எழுத்து சொன்ன பேச்சைக் கேட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து போகிறது.