சிரிக்கச் சென்றவர்களும் சபர் சென்றவர்களும்

திருச்சி பாலக்கரையில், பிரபாத் திரையரங்கின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் ஒரு சாலைச் சந்திப்பை அடையாளம் காட்டுவார்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களில், கடல் கடந்து சென்ற ஒருவராவது இல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. ஆகவே இரண்டு வகைக் காகிதங்களை நாம் பார்த்து வளர்ந்தோம். ஒன்று, சுவரில் ஒட்டப்பட்ட சினிமா விளம்பரம். மற்றொன்று, அயல்நாட்டிலிருந்து வந்த நீலநிற விமானத் தபால். முன்னதைத் தெருவே படித்தது. பின்னதை வீடு திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த ஓர் ஆண்டு உண்டு. அது 1979, ‘நினைத்தாலே இனிக்கும்’ வெளியான ஆண்டு.

கே. பாலசந்தர் இயக்கிய அப்படத்தின் கதை, காவிரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதாவினுடையது. பாடல்கள் கவியரசு கண்ணதாசன், இசை எம்.எஸ். விசுவநாதன். கமலஹாசனும் ரஜினிகாந்தும் ஓர் இசைக்குழுவின் நண்பர்களாக வருகிறார்கள். அக்குழு சிங்கப்பூருக்குச் செல்கிறது, பாடுகிறது, சிரிக்கிறது, வம்பில் மாட்டிக்கொள்கிறது. 2013ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. இன்றும் தொலைக்காட்சியில் வரும்போது வீட்டிலுள்ள மூன்று தலைமுறையும் உட்கார்ந்து பார்க்கிறது. அண்மையில் ஒரு பெருநாள் விடுமுறையில் அப்படித்தான் நாமும் பார்த்தோம். பார்த்த பிறகு, நாற்பது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

உலகம் சுற்றும் கதைகள் நம் நாட்டுத் திரைக்குப் புதியவை அல்ல. 1967இல் ராஜ் கபூர் நடித்த ‘அரவுண்ட் தி வேர்ல்டு’ என்ற இந்திப் படம் வந்தது. அதன் நாயகன் எட்டு டாலரை வைத்துக்கொண்டு உலகை வலம் வருகிறான். அன்றைய அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டின் கடுமையே அங்கு நகைச்சுவைக்கு அடித்தளம். 1973இல் எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தது. ஜப்பானில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சி, ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர் என்று அது விரிந்தது. அது பெருஞ்செல்வர் வீட்டுத் திருமணம் போன்றது. பாலசந்தரின் படமோ ஒரே அயல்நாட்டு நகரத்தை வைத்துக்கொண்டு உலகப் பயணத்தின் உல்லாசத்தைக் காட்ட முயன்றது. தமிழிலும் தெலுங்கிலுமாக இரண்டு படங்களை அவர் ஒருங்கே எடுத்து முடித்தார். தெலுங்கில் அதன் பெயர் ‘அந்தமைன அனுபவம்’. ஒரு பயணச் செலவில் இரண்டு படங்கள்! சிக்கனம் தெரிந்த இல்லத்தரசி ஒரே அடுப்பு நெருப்பில் சோற்றையும் குழம்பையும் முடிப்பதைப் போன்ற இச்செயலை நாம் பாராட்டவே செய்கிறோம்.

படத்தின் நிறைகளை முதலில் கூறிவிடுவது முறை. நண்பர்களின் கூட்டத்தை அது உயிரோடு காட்டுகிறது. ரஜினிகாந்த் ஏற்ற தீபக் என்ற பாத்திரத்திற்குக் கண்ணில் பட்ட சிறு பொருள்களை எடுத்துக்கொள்ளும் நோய் உண்டு. அதை வெறுப்புக்குரிய திருட்டாக்காமல், நண்பர்கள் பொறுத்துக்கொள்ளும் ஒரு குறையாக அமைத்திருப்பது நல்ல நகைச்சுவை. ஒருவன் குறையை அறிந்தும் அவனை உடன் அழைத்துச் செல்வதுதானே நட்பு? எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அப்படத்திற்காகப் பாடிய பாடல்களின் துள்ளல் இன்றும் தணியவில்லை.

படத்தின் மிகச் சிறந்த பகுதி, பூர்ணம் விசுவநாதன் வரும் பந்தயக் காட்சி. முதியவர் ஒருவர் இளைஞனிடம் பந்தயம் கட்டுகிறார். சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிக்க வேண்டும். பத்து முறை தவறாமல் செய்ய வேண்டும். வென்றால் அவருடைய கார் இளைஞனுக்கு. தோற்றால் அவனுடைய சுண்டு விரல் அவருக்கு. ரோல்டு டால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1948இல் வெளியிட்ட சிறுகதையொன்றிலிருந்து இக்கரு வந்தது. அங்கே சிகரெட் பற்றவைக்கும் லைட்டர், இங்கே சிகரெட். முடிவைப் படம் பாராத இளையோருக்காகச் சொல்லாமல் விடுகிறோம். ஒரு பக்கம் கார், மறுபக்கம் விரல் என்று தராசு நிற்கும்போது அரங்கில் யாரும் சிரிப்பதில்லை. வெளியூர் வந்தவனிடம் பந்தயத்திற்கு வைக்கத் தன் உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற உண்மையை, ஒரு கேளிக்கைப் படம் தன்னை அறியாமலே அங்கே தொட்டுவிடுகிறது.

தொட்டது; ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. நம் குறை அதுதான்.

இதை நமக்கு உணர்த்தியவர் ஒரு திறனாய்வாளர் அல்லர், நம் தாய்மாமன். அவர் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அருகில் ஓர் உணவுக்கடையில் பல ஆண்டுகள் பரோட்டா போட்டவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது எங்களைப் படத்திற்கு அழைத்துச் சென்றார். நாங்கள் கதாநாயகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ அவர்களுக்குப் பின்னால் தெரிந்த தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் திருப்பத்தைத் தாண்டினா நம்ம கடைத் தெருடா” என்று ஓரிடத்தில் எழுந்தே நின்றுவிட்டார். அது உண்மையிலேயே அந்தத் தெருதானா என்பது வேறு செய்தி. படம் முடிந்து பாலக்கரைக்கு நடந்து வரும்போது, நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்: “இத்தனை பேரு சிங்கப்பூர் போயிருக்கானுக. ஒருத்தனாச்சும் ஊருக்குக் காசு அனுப்புனானாடா தம்பி?”

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால், அப்படத்தைப் பற்றி இதுவரை நாம் படித்த எந்த விமர்சனமும் இந்தக் கேள்விக்கு அருகில்கூட வரவில்லை.

‘சபர்’ என்ற சொல்லை நம் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. சபராளி என்றால் பயணி என்று அகராதி சொல்லும். நம் பெண்களைக் கேட்டால், இல்லாத ஆள் என்று சொல்வார்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களைச் சுமந்து சென்றது. கப்பல் கரைக்கு வராது. படகில் சென்று, ஆடும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். அதற்குப் பின் ‘சிதம்பரம்’ கப்பல் ஓடியது. 1985இல் அக்கப்பல் தீப்பிடித்ததில் உயிர்கள் பல போயின. அத்தோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. திரையில் நண்பர்கள் பாடித் திரிந்த அதே நாள்களில், அந்தக் கப்பலின் அடித்தட்டில் நம் ஊர்க்காரர்கள் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள்.

அவர்கள் சென்று இறங்கிய ஊரும் வெறும் வேடிக்கை ஊராக இருக்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1826இலேயே அங்கு ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடத்தை 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பினர். அவ்விரண்டையும் 1974இலேயே அந்நாட்டு அரசு தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவித்துவிட்டது. பாலசந்தரின் படக்குழு அங்கே போய் இறங்கியபோது அவை நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றைக் கட்டிய தமிழனின் பேரனுக்குக் கதையின் நடுவில் இடமில்லை. அயலூரில் தமிழனைத் தேடிச் செல்லும் கதை அல்ல அது. தமிழ்நாட்டிலிருந்து தன் கூட்டத்தையே அழைத்துச் சென்று, அதைப் பார்த்தே மகிழ்ந்த கதை.

“கேளிக்கைப் படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா? அழுவதற்கு வேறு படம் இல்லையா?” என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாம் அழுகையைக் கேட்கவில்லை. மேலும் நல்ல சிரிப்பைத்தான் கேட்கிறோம். சபராளியின் வாழ்வில் நகைச்சுவைக்கா பஞ்சம்? கணவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பள்ளிச் சிறுவன் முற்றத்தில் நின்று உரக்கப் படிப்பான். அந்தரங்க வரி வந்ததும் கிழவிகள் இருமுவார்கள். ஊர் திரும்பியவரின் பெட்டியைத் திறக்கும் நாளில் யாருக்குக் கைலி, யாருக்குச் செண்டு, யாருக்கு வெறும் கோடாலித் தைலம் என்று உறவின் நெருக்கம் அளக்கப்படும். மலாய்ச் சொல் நாவில் ஒட்டிக்கொண்டதால், சந்தையில் கத்தரிக்காய் விலைக்கும் ‘போலே’ என்று தலையாட்டுவார் நம் மாமன். முடியும் என்பது அதன் பொருள். கடைக்காரர், போலி என்று சொல்கிறாரோ எனச் சினந்துகொள்வார்.

படத்தின் கதையில், கித்தார் என்னும் இசைக்கருவிக்குள் வைரங்கள் ஒளித்து வைக்கப்படுகின்றன, துரத்தல் நடக்கிறது, அரங்கு கைதட்டுகிறது. சுங்கப் பரிசோதனை மேசையில் தன் பெட்டியைத் திறந்து, மகளுக்கு வாங்கிய துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி நின்ற ஒரு தகப்பனுக்கு அந்தக் கைதட்டல் எப்படிக் கேட்டிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. அதிலும் ஒரு நகைச்சுவை உண்டு. சற்றே கசக்கும் நகைச்சுவை. அதை எடுக்கத் தெரிந்த கை நம் திரையுலகில் அன்று இல்லை.

எழுத்துலகில் இருந்தது. ப. சிங்காரம் 1972இல் வெளியிட்ட ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்கள் அறிவார்கள். மெடானிலும் பினாங்கிலும் ஒன்றுகூடும் தமிழ் இளைஞர்கள் அதிலும் அரட்டையடிக்கிறார்கள்; தமிழையும் தமிழரையும் கேலி செய்கிறார்கள். படிப்பவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். எனினும் வணிகமும் போரும் பிரிவும் அச்சிரிப்பின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாகூர் ரூமி தம் நாவலுக்கு ‘கப்பலுக்குப் போன மச்சான்’ என்று பெயரிட்டார். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா, 2004இல் வெளியான ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் நம் வீடுகளைப் பெண்கள் இருக்கும் பக்கத்திலிருந்து காட்டினார். பயணத்தைப் புறப்பட்டவன் கண்ணால் மட்டும் அல்லாமல், நின்றுவிட்டவள் கண்ணாலும் பார்க்கலாம் என்பதை எழுத்து கண்டுகொண்டது. திரை இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறது.

ஆயினும் படத்தை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஜெயப்பிரதா ஏற்ற சோனா என்ற பெண், தீராத நோயோடு அந்தக் கும்மாளத்தின் நடுவே வருகிறாள். அவளை நாயகன் மணந்துகொள்கிறான், அவள் இறந்துபோகிறாள். அங்கே படத்தின் தலைப்பு பொருள் மாறுகிறது. இனித்தது வாழ்வு அன்று, வாழ்ந்ததை நினைப்பதே என்று ஆகிறது. சபராளியின் மனைவி இதைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இருபது ஆண்டு மணவாழ்வில் சேர்ந்திருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிய பெண்கள் நம் தெருவில் இருந்தார்கள். புறநானூற்றுக் கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற முதற்சொற்களைக் கொண்டு தொடங்கும் பாடலும் படத்தில் உண்டு. அச்சொற்களைப் பாடுவது எளிது. எல்லா ஊரையும் தன் ஊராக்கிக்கொண்டு உழைப்பது வேறு. நம் முன்னோர் அதைச் செய்தார்கள். அவர்கள் பாடவில்லை.

இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் பறக்கிறது. கடிதத்திற்குக் காத்திருந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அதே கைப்பேசியால் அவர்களில் சிலர் குறும்படமும் எடுக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: பெரும் பொருட்செலவு வேண்டாம். நான்கு நண்பர்கள், ஓர் அயலூர், ஓர் அறை, ஒரே சமையல் பாத்திரம், மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். இதை வைத்து எங்களைச் சிரிக்க வையுங்கள்.

நம் மாமன் இப்போது இல்லை. அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக. அப்படியொரு படம் வந்தால், அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒருவராவது அவர் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கத் தேவையிராது.