படியெடுப்பவரின் கை

ஆபிரகாம் ஃபரிசோலின் புவியியல் நூலைச் சுவைக்கும் முன், அவர் படியெடுத்த ஒரு ஜெபப் புத்தகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அவிஞோனில் ஏறத்தாழ 1451-இல் பிறந்து, இத்தாலியின் ஃபெராராவில் வாழ்ந்த யூதர் அவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். தொழுகைக்கூடத்தில் ஜெபம் பாடினார். பிறருக்காக ஏடுகளைப் படியெடுத்தார். தம்மைப் பெண்ணாகப் படைக்காததற்குக் காலையில் ஆண்கள் இறைவனுக்கு நன்றி சொல்வது யூதரின் மரபு. 1480-இல் ஒரு பெண்ணுக்காக ஃபரிசோல் எழுதிய ஏட்டிலோ, தன்னை ஆணாக்காமல் பெண்ணாகப் படைத்ததற்கு அவள் நன்றி சொல்கிறாள். மரபின் வரி மரபின் நடையிலேயே திரும்பி நிற்கிறது. எங்கே கை வைக்க வேண்டும் என்று அறிந்த எழுத்து அது.

எழுபதைக் கடந்த வயதில், 1525-இல், அந்தக் கை உலகத்தை எழுதியது. ‘இக்கெரெத் ஓர்ஹோத் ஓலாம்’, உலகின் பாதைகளைச் சொல்லும் 30 அத்தியாய மடல். போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோட்டை அடைந்த வழி இதில் உண்டு. அமெரிக்காவும் உண்டு, அதை முதலில் விவரித்த எபிரேய நூல் இதுவே என்பார்கள். அரசனும் தனிச்சொத்தும் இல்லாத அந்நிலத்து மக்களைப் பற்றிப் பயணக் குறிப்புகளில் படித்ததை மாணவருக்கு ஏற்ற தெளிவோடு எடுத்துச் சொல்கிறார்.

நயம் புதுமையில் மட்டும் இல்லை. ஆறு நாள் கற்களை உருட்டி ஓடி ஓய்வுநாளில் அடங்கும் என்று யூதக் கதைகள் சொல்லும் சம்பாத்தியோன் ஆற்றையும் அவர் விடவில்லை. ஏதேன் தோட்டத்துக்கு ஆப்பிரிக்காவின் நிலா மலைகளில் இடம் தேடுகிறார். தொலைந்துபோன இஸ்ரவேல் கோத்திரங்களின் தூதன் என்று சொல்லிக்கொண்டு அக்காலத்தில் இத்தாலிக்கு வந்த டேவிட் ரூபேனி பற்றி எழுதும் இடம்தான் உச்சம். அந்த மனிதன் மெய்யனா பொய்யனா என்று தீர்ப்பளிப்பதில்லை. எங்கோ நம்மவர் திரளாக வாழ்கிறார்கள் என்பதை மன்னர்களே ஏற்கிறார்களே, நாடிழந்த நமக்கு அது போதும் என்கிறார். ஐயம், ஆறுதல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நிதானம்!

நூல் 1586-இல் வெனிஸில் அச்சேறியது. 1691-இல் ஆக்ஸ்போர்டில் தாமஸ் ஹைட் லத்தீனில் வெளியிட்டார். நிலா மலையில் ஏதேனைத் தேடியதற்காக இன்று நாம் புன்னகைக்கலாம். ஆனால் கேள்விப்பட்ட புதுநிலத்தையும் நம்பிவந்த பழைய தோட்டத்தையும் ஒரே நூலில் வைத்து, எடை போடும் வேலையை மாணவனுக்கு விட்டாரே, அங்கேதான் வாத்தியார் தெரிகிறார்.