இரு கை மாறி வந்த கவிதை

கச்சிராயபாளையத்தில் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிக் கவிதை வாசிப்போம். கோமுகி அணைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு மொட்டைமாடி. ஒரு மாதம் பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் அடையாள அட்டைக் கவிதையைத் தமிழில் வாசித்தோம். அதிகாரி ஒருவனின் முன்னால் நிற்கும் அரபுத் தொழிலாளி, தன் பிள்ளைகளையும் பாட்டன் பூட்டனையும் பறிபோன தோட்டத்தையும் சொல்லிச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்கிற கவிதை அது. வாசித்து முடித்ததும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “அந்த ஆபீசரு திரும்ப என்னா சொன்னாருங்க?”

கவிதையில் அதற்குப் பதில் இல்லை. அதிகாரி கடைசிவரை வாயே திறப்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அரசு அதை எடுத்துக்கொண்டது 1976-ல்தான். மலை மக்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1996-ல். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு இன்றும் மனு எழுதுகிறார்கள். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் மேசைக்கு முன்னால் நின்று பழகியவருக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம்.

கலிலேயாவில் பிறந்த ஒரு அரபுக் கவிதை கல்வராயன் அடிவாரத்தில் இப்படி ஒரு கேள்வியை எழுப்புகிறது என்றால், அதைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் ஈழத்துக் கவிஞரும் அறிஞருமான எம்.ஏ. நுஃமான். அவர் செய்த வேலையின் பெருமையையும், அந்த வேலை நடந்த வழியில் உள்ள குறையையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம். பெருமையை நிறையப் பேசியிருக்கிறோம். குறையைப் பற்றிப் பேச்சே இல்லை.

நுஃமான் 1944-ல் கிழக்கிலங்கையின் கல்முனையில் பிறந்தவர். ‘கவிஞன்’ என்ற இதழை நடத்தியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பிறகு பேராதனையிலும் கற்பித்தவர். சித்திரலேகா மௌனகுரு, மௌனகுரு ஆகியோருடன் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டு ஈழத்து இலக்கிய வரலாற்றை எழுதினார். அ. யேசுராசாவோடு ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ தொகுத்தார். மார்க்சியத் திறனாய்வு பற்றியும் தமிழ் இலக்கணம் பற்றியும் நூல்கள் தந்தார். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றது நமக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். தமிழ், அரபு இலக்கணங்களை ஒப்பிட்டும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அவர் மொழிபெயர்த்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ தொகுப்பு 1981-ல் வெளிவந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஆண்டும் அதுவே. அந்த எரிப்பைப் பற்றி நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ ஈழக் கவிதையில் அழியாத இடம் பெற்றது. ஒரே மனிதர், ஒரே காலம். தன் மண்ணில் 97,000 நூல்கள் சாம்பலானதைப் பார்த்தவரின் கையில்தான் தர்வீஷும் சமீஹ் அல் காசிமும் ஃபத்வா தூகானும் தமிழுக்குள் வந்தார்கள். அதனால்தான் அந்த மொழிபெயர்ப்பில் அயல்நாட்டுப் பொருளைக் காட்டும் கூச்சம் எங்கும் தென்படுவதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1985-ல், ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு வந்தபோது ஈழத்துக் கவிதை நேருக்கு நேர் நின்று பேசும் குரலைக் கண்டடைந்திருந்தது. அந்தக் குரல் உருவானதில் பலஸ்தீனக் கவிதைகளுக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் எண்பதுகளின் தமிழ்க் கவிதையைப் பேச முடியாது.

அந்த மொழிபெயர்ப்பு ஏன் தமிழில் நின்றது? நம் இலக்கணமே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அரபியில் ஒரு ஆளைப் பார்த்து ‘எழுது’ என்று ஒருமையில் ஏவுவது இயல்பான பேச்சு; அதில் அவமதிப்பு இல்லை. தமிழில் அப்படியில்லை. எங்கள் ஊர் தாலுகா அலுவலகத்தில் எந்தக் குடியானவரும் அதிகாரியிடம் “எழுதிக்குங்க சார்” என்றுதான் சொல்வார். அந்த இடத்தில் ‘எழுதிக்கொள்’ என்று ஒருமையில் சொன்னாலே அது ஓர் அறை. மூலத்தில் பின்னால் மெல்ல ஏறுகிற கோபம் தமிழில் முதல் சொல்லிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மூலத்தில் இல்லாத ஒரு துணிச்சலைத் தமிழ் அந்தத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டது. இது இழப்பில்லை, வரவு. மலையிலிருந்து வந்த பெரியவர் அதிகாரியின் பதிலைக் கேட்டதற்கும் இதுவே காரணம். அப்படிப் பேசியவனைச் சும்மா விட்டிருப்பார்களா என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

இனி குறைக்கு வருகிறேன்.

இந்தக் கவிதைகள் ஆங்கிலத்தின் வழியே வந்தவை. அரபியிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். இரண்டு கை மாறும்போது எது சிந்தியது என்று பார்க்க வேண்டும்.

அரபியில் ‘பைத்’ என்றால் வீடு. செய்யுளின் அடிக்கும் அதுவே பெயர். எட்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பை வகுத்தபோது கூடாரத்தின் உறுப்புகளைக் கொண்டே பெயரிட்டார். அசைகளுக்குக் கயிறு, முளை என்று பெயர். அடியின் பாதிக்குக் கதவின் ஒரு பக்கம் என்று பெயர். கவிதை கட்டுவதும் கூடாரம் அடிப்பதும் அந்த மொழியில் ஒரே செயல். 1948-ல் ஏழு வயதில், அக்கா நகரத்துக்குக் கிழக்கே இருந்த அல்-பிர்வா என்ற தன் ஊரை இழந்த தர்வீஷ், கவிதையில் வீடு என்று எழுதும்போது அரபு வாசகனின் காதில் இரண்டு பொருளும் ஒலிக்கும். இழந்த வீட்டை அடியடியாக அவர் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வெறும் கட்டடமாகிவிட்டது. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய தமிழும் வேறென்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. அரபியில் முன்னிலைக்கும் ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு. மண் பெண்பாற்சொல். தர்வீஷ் 1966-ல் எழுதிய ‘பலஸ்தீனத்திலிருந்து ஒரு காதலன்’ கவிதையில் ‘நீ’ என்று அழைக்கப்படுவது பெண்ணா, மண்ணா என்று பிரிக்க முடியாதபடி அந்தப் பெண்பால் விகுதி பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘யூ’ பால் காட்டாது. நம் ‘நீ’யும் காட்டாது. ஆனால் பெண்ணை விளிக்க நம்மிடம் வேறு எத்தனையோ வழி இருக்கிறது. ஆண்டாள் முதல் நாட்டுப்புறப் பாட்டு வரை தமிழ் அதில் தேர்ந்த மொழி. மூலத்தைப் பார்த்திருந்தால் அந்த வழிகளில் ஒன்றை எடுத்திருக்கலாம். ஆங்கிலம் மறைத்ததால் எடுக்கத் தோன்றவில்லை.

எனக்கு மிகப் பெரிய இழப்பாகப் படுவது ஓசை. அரபுப் புதுக்கவிதை 1947 வாக்கில் ஈராக்கில் நாசிக் அல்-மலாயிகாவும் பத்ர் ஷாகிர் அல்-சய்யாபும் தொடங்கிவைத்தது. அது யாப்பை உதறவில்லை. சீரை வைத்துக்கொண்டு அடியின் நீளத்தை மட்டும் விடுவித்தது. தர்வீஷ் வாழ்நாளெல்லாம் பெரும்பாலும் அந்த ஓசைக்குள்ளேயே எழுதினார். ஆயிரக்கணக்கானோர் கூடி அவர் வாசிப்பதைக் கேட்டது அதனால்தான். இப்போது ஈழத்தைப் பாருங்கள். மஹாகவி உருத்திரமூர்த்தி செய்தது கிட்டத்தட்ட இதே வேலை. மரபு யாப்பின் ஓசையை விடாமல், பேச்சு நிற்கிற இடத்தில் வரியை முறித்து எழுதினார். நுஃமான் அந்தப் பள்ளியில் வந்தவர், மஹாகவியைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர். தர்வீஷின் ஓசைக்குப் பொருத்தமான கருவி உலகத்தில் ஏதேனும் ஒரு மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்தது என்றால் அது நுஃமான் கையில்தான். நடுவில் ஆங்கிலம் அந்த ஓசையை உரைநடையாக்கி நீட்டிவிட்டது. தமிழ் வாசகர்கள் தர்வீஷை யாப்பில்லாத கவிஞராகவே அறிந்தார்கள். அவரைப் பார்த்து எழுதிய நம் இளைஞர்கள், எதிர்ப்புக் கவிதைக்கு ஓசை வேண்டியதில்லை, கோபம் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தவறான பாடத்தின் விளைவை நாற்பது ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் பார்க்கிறோம்.

அரபுக் கவிதையின் பழைய மரபு ஒன்றும் அடிக்குறிப்பில்கூட வந்து சேரவில்லை. இஸ்லாத்துக்கு முந்தைய கசீதா என்னும் பாடல்கள், காதலியின் கூட்டம் கலைந்துபோன பாழிடத்தில் நின்று அழுவதில் தொடங்கும். தர்வீஷ் அழிந்த ஊரைப் பாடும்போது ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு அழுகையின் மேல் நின்று பாடுகிறார். தமிழனுக்கு இதை விளக்குவது கடினமே இல்லை. பறம்பு மலையை இழந்த பாரி மகளிரின் பாட்டு நம்மிடம் இருக்கிறது. அவர்களை அழைத்துவந்த கபிலர் உயிர் நீத்ததாகச் சொல்லப்படும் குன்று, எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், பெண்ணையாற்றில் நிற்கிறது. மலையை இழந்த மக்களின் பாட்டு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அந்தக் கண்ணியை யாராவது கோத்துக் காட்டியிருந்தால், தர்வீஷ் வெறும் போராட்டக் கவிஞராக இல்லாமல் கபிலரின் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படுபவராக ஆகியிருப்பார்.

வெறும் போராட்டக் கவிஞர் என்றேன். அதுதான் நாம் அவருக்கு அடித்த முத்திரை. அடையாள அட்டைக் கவிதை 1964-ல் வந்தது. அப்போது அவருக்கு 23 வயது. இஸ்ரேலுக்குள் இருந்த அரபு மக்கள் ராணுவ ஆட்சியின் கீழ், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர்விட்டு ஊர் போக முடியாத காலம். நாசரேத்தில் வாசித்தபோது மக்கள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பின்னாளில் பெய்ரூத்தில் அதையே கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். யூத அதிகாரியிடம் ‘நான் அரபி’ என்பது எதிர்ப்பு. அரபுகளிடமே அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? ஒரு கவிதையின் பொருள் அது சொல்லப்படும் இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு அவர் எவ்வளவோ தூரம் போனார். 1982-ல் பெய்ரூத்தை விட்டு வெளியேறினார். 1993-ல் ஒஸ்லோ ஒப்பந்தத்தை ஏற்காமல் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் செயற்குழுவிலிருந்து விலகினார். இதய அறுவைக்குப் பின், 2000-ல், சாவோடு நேராக உரையாடும் நெடுங்கவிதை ‘ஜிதாரிய்யா’வை வெளியிட்டார். 2008 ஆகஸ்ட் 9-ல் மறைந்தார். தர்வீஷுக்கென்று தனித்தொகுப்பும் நுஃமான் தந்தார். ஆனாலும் நம் மேடைகளில் ஒலிப்பது அந்த 23 வயது இளைஞனின் குரல் மட்டுமே. இதில் மொழிபெயர்ப்பாளரைவிட வாசகர்களாகிய நம் பொறுப்பே அதிகம்.

முழக்கமாக மட்டும் எடுத்துக்கொண்ட கவிதை நம்மைக் கேள்வி கேட்காது. இதற்கு வலிக்கிற சான்று ஒன்று உண்டு. பலஸ்தீனக் கவிதைகளை நெஞ்சில் ஏந்திய தலைமுறை வாழ்ந்த அதே வட இலங்கையிலிருந்து 1990 அக்டோபரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கைப்பையோடு ஊரைவிட்டு நடந்தவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். அந்தக் கவிதைகளைத் தமிழில் தந்தவரின் சமூகம். தர்வீஷைப் படித்தும் இது நடந்தது. கவிதையைக் குற்றம் சொல்ல முடியாது. அதில் நாம் எப்போதும் தொழிலாளியின் இடத்தில் மட்டுமே நம்மை வைத்துப் பார்த்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் நாமும் உட்காரக்கூடும் என்று நினைக்கவேயில்லை. மலைப் பெரியவர் கேட்ட கேள்வியை அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

நுஃமானைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. 1981-ல் கையில் கிடைத்ததை வைத்து ஒரு மனிதர் செய்ததை இன்று வேறொருவர் செய்து காட்டட்டும். அரபு இலக்கணத்தை ஆராய்ந்தவரே ஆங்கிலத்தின் வழியாகப் போக நேர்ந்தது, தனி ஒருவரின் முயற்சிக்குள்ள எல்லையைக் காட்டுகிறது. என் வருத்தம் அவருக்குப் பின் வந்தவர்களைப் பற்றியது. அவர் போட்டது ஒற்றையடிப் பாதை. அதை நாம் அகலப்படுத்தவில்லை. அதையே நெடுஞ்சாலை என்று சொல்லிக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் அரபி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கிறது. உமராபாத்தில் தாருஸ்ஸலாம் இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அரபுத் துறை இருக்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய மரபே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்ந்தது. அங்கே அரபி மார்க்க மொழியாகப் பயிலப்படுகிறது. இங்கே சிற்றிதழ்க்காரர்கள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அரபுக் கவிதை பேசுகிறார்கள். இரண்டு பேரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்ததே இல்லை.

அரபி படித்த மௌலவிகளுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். தர்வீஷின் ஒரு கவிதையை எடுங்கள். மூலத்தை உரக்க வாசித்து, சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லுங்கள். சந்தம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காட்டுங்கள். அதைத் தமிழ்க் கவிதையாக்கப் பக்கத்தில் ஒரு கவிஞரை உட்கார வையுங்கள். கச்சிராயபாளையத்து மாடி மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை திறந்திருக்கும். வாருங்கள்.